அதிபர் அல்வாரோவுக்கு ஆழ்ந்த இரங்கல்

அத்தியாயம் பதினொன்று

உலக நாடுகளின் அதிபர்கள், பிரதமர்கள், மன்னர்கள், இடைக்கால அரசின் தலைவர்கள் ஆகிய அனைவருக்கும் இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால்: இன்று ஞாயிற்றுக்கிழமை, பாளையங்கோட்டைக் கோயிலில் நடக்கும் காலை ஆராதனையில், கருவூல அலுவலகக் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற திரு. ஞானசிகாமணி அவர்கள் உங்கள் அனைவருக்காகவும் மன்றாட இருக்கிறார். ஆகவே விடிகாலை ஐந்து மணிக்கு மேல் எவரும் பதவி விலக வேண்டாம். ஆட்சியைக் கவிழ்க்க வேண்டாம். கூடுமானவரை இறக்கவும் வேண்டாம். ஐந்து மணிக்குப் பிறகு நடப்பவை கணக்கில் சேராது.

ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்காகவும் ஜெபிக்கும்படி வேதத்தில் சொல்லியிருக்கிறது. மற்றவர்கள் அதை ‘தேசத் தலைவர்களை ஆசீர்வதியும்’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டு, மழை வேண்டும் என்று அடுத்த வரிக்குப் போய்விடுவார்கள். ஞானசிகாமணி அப்படிப்பட்டவர் அல்ல. கருவூலத்திலேயே காலம் கழித்தவர். பெயர், பதவி, தேதி, தலைநகரம் இல்லாமல் ஒரு காகிதத்தையும் அவர் மேலே அனுப்பியதில்லை. கர்த்தருக்கு மட்டும் எப்படி அனுப்புவார்?

சென்ற வாரம் அவருடைய மகள் டெபோரா தூண்டிலில் புழு வைத்ததோடு நின்றிருந்தோம்.

வண்ணார்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது கைவிளக்கு பயிற்சி மையம். நடத்துகிறவர் மேலப்பாளையத்து ஆபிதா பீவி, ஓய்வு பெற்ற சமூக அறிவியல் ஆசிரியை. அரசுத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு அங்கிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு பக்கம் போகும். யார் பதவியேற்றார், யாருக்கு விருது, எந்த மாநாடு எந்த ஊரில், எந்த ஏவுகணை எவ்வளவு தூரம். அதை எழுதுகிறவள் டெபோரா. காய்ச்சலிலும் எழுதியிருக்கிறாள், கிறிஸ்துமஸ் அன்றும் எழுதியிருக்கிறாள்.

கொஞ்ச நாளாக அதே பக்கம், அதே வரிசையில், அதே வாக்கியங்களோடு, ஐந்து மணிக்கே மகாமேரு அகாடமியின் குழுவில் வர ஆரம்பித்தது. மேலே மகாமேருவின் சின்னம். அதற்கும் மேலே நிறுவனர் ரிச்சர்ட் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் படம். ஐந்து மணிக்கு வந்த நகல் அசலாகிவிட்டது. ஆறு மணிக்கு வந்த அசலுக்கு நகல் என்று பெயர். கைவிளக்கின் மாடிப்படியில் பிள்ளைகள் இறங்குவதுதான் அதிகமாயிற்று, ஏறுவது குறைந்தது.

எழுதி முடித்ததும் முதல் நாள் மாலையே பக்கத்தைப் பார்க்கிறவர்கள் மூன்றே பேர். டெபோரா. சரிபார்க்கும் ஷம்ஸியா. ஆபிதா பீவி. ‘டெபோராவோட அண்ணன் மகாமேருவுலதான படிக்கான்?’ என்று ஷம்ஸியா ஒரு நாள் பொதுவாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, அன்றிலிருந்து டெபோராவோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

“மூணு காப்பியிலயும் புழு வையி புள்ள” என்று சொன்னது ஆபிதா பீவிதான். “எனக்கு வாரதுலயும் வையி. ஒன் வீட்டுல இருக்கதுலயும் வையி. சந்தேகம்னு வந்துட்டா அதுல பெரியவுக சின்னவுக கெடையாது. ஞாயித்துக்கெழம சாயங்காலத்துக்குள்ள எவன்னு தெரியலன்னா, இந்தப் பக்கத்தையே நிறுத்திருவோம். நம்ம எழுதி ஊரான் பேரு வாங்க வேண்டாம்.”

அப்படித்தான் சனிக்கிழமை மாலை பசிபிக் பெருங்கடலில் ஒரு தீவு நாடு முளைத்தது. அதன் அதிபர் காலமானார் என்பது செய்தி. ஆபிதா பீவிக்குப் போன காப்பியில் தீவின் பெயர் மோருவே. ஷம்ஸியாவுக்குப் போனதில் கெவாரி. டெபோராவின் வீட்டு லேப்டாப்பில் இருந்ததில் தலுமோரா. அதிபரின் பெயர் மட்டும் மூன்றிலும் ஒன்றே: டொமினிக் அல்வாரோ. திருநெல்வேலிக்காரிக்கு அவசரத்தில் வேறு என்ன பெயர் வாயில் வரும்? பிள்ளைகளுக்கு ஆறு மணிக்குப் போகும் பக்கத்தில் தீவும் இருக்காது, அதிபரும் இருக்க மாட்டார். திருடியவன் குழுவில் மட்டும்தான் அவர் சாவார்.

எந்தத் தீவில் செத்தார் என்று தெரிந்தால் போதும்.

தெரிந்துகொள்ள டெபோரா வெகுதூரம் போக வேண்டியதில்லை. மகாமேருவின் குழுவில் சந்தா கட்டிச் சேர்ந்திருந்த ஒருவர் அவள் வீட்டிலேயே, படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, போனைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, ஒங்க போனை ஒரு நிமிஷம் தாங்களேன்.”

“ஜெபத்துக்கு ஆயத்தம் பண்ணுத நேரத்துல போனா?”

“போனை வச்சுத்தானப்பா ஆயத்தம் பண்ணுதீங்க?”

கதவு இரண்டு விரல் அகலம் திறந்தது.

“நீ போயிக் கெளம்பு. மன்றாட்டு முடியட்டும், பொறவு தாரேன்.”

“நான் எழுதுத பக்கத்துலயும் இதெல்லாம் இருக்கும்லாப்பா? அதப் பாத்தே ஜெபிக்கலாம்ல?”

“ஒன் பக்கம் ஓசியிலலா வருது. இது காசு கட்டி வாங்குதது. காசுக்கு வாரதுல ஒரு பொறுப்பு இருக்கும்” என்றார் ஞானசிகாமணி. கதவு சாத்திக்கொண்டது.

சமையலறையிலிருந்து அம்மா சாலோமி எட்டிப் பார்த்தாள். ஹாலில் மூத்தவன் ஜோஷுவா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். நாலு வருடமாக அரசுத் தேர்வுக்குப் படிக்கிறவன். கொஞ்ச காலமாக அவன் சட்டைகளில் மடிப்பு கத்தி மாதிரி நிற்கிறது என்பதை டெபோரா கவனித்திருந்தாள். படிக்கப் போகிறவனுக்கு எதற்கு இவ்வளவு மடிப்பு என்றுதான் யோசிக்கவில்லை.

*

கோயிலில் பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் டெபோரா அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். ஞானசிகாமணி எழுந்து போய் ஒலிபெருக்கியைத் தன் உயரத்துக்குத் தாழ்த்தினார். பிறகு, அது தம்முடைய உயரம் அல்ல என்று தோன்றியதாலோ என்னவோ, கொஞ்சம் ஏற்றினார்.

“ஜெபிப்போம்.”

எல்லாக் கண்களும் மூடின.

“சர்வ வல்லமையுள்ள பிதாவே, வட்டி விகிதத்தை மாற்றாமல் வைத்திருக்கிற வங்கி ஆளுநரை ஆசீர்வதியும். ஐரோப்பாவிலே மூன்று கட்சிகள் சேர்ந்து அமைத்திருக்கிற கூட்டணியைக் கண்ணோக்கும். அதிலே இரண்டாவது கட்சி எப்பொழுது வேண்டுமானாலும் வெளியே வரும் என்பதை நீர் அறிவீர்…”

நீர் அறிவீர், நீர் அறிவீர் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஆனாலும் அறியாத ஒருவருக்கு விளக்கும் தோரணையில்தான் சொன்னார். விண்ணில் ஏவப்பட்ட செயற்கைக்கோள் ஒன்று, உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கோட்டை ஒன்று, பூப்பந்தில் வெள்ளி வாங்கிய பெண் ஒருத்தி என்று கருணை எல்லாருக்கும் சமமாகப் பங்கிடப்பட்டது. ஒவ்வொன்றும் டெபோராவின் வாக்கியம். தான் எழுதியதைத் தன் அப்பா வாயாலேயே, மகாமேருவின் உபயம் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“மேலும், பசிபிக் மகா சமுத்திரத்திலே…”

டெபோரா கண்ணைத் திறந்துவிட்டாள்.

“…தலுமோரா என்னும் தீவு தேசத்தின் அதிபர் டொமினிக் அல்வாரோ நித்திய இளைப்பாறுதலில் பிரவேசித்தார் என்று கேள்விப்படுகிறோம் ஆண்டவரே. துக்கத்தில் இருக்கும் அவருடைய மனைவியையும் மக்களையும் தேற்றும்.”

மனைவியையும் மக்களையும் டெபோரா எழுதவில்லை. அது அப்பாவின் சொந்தச் சேர்க்கை.

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

தலுமோரா. மோருவே இல்லை, கெவாரியும் இல்லை. அந்தப் பெயர் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது: தன் வீட்டு ஹாலில், மேஜை மேல் இருக்கும் லேப்டாப்பில். வீட்டில் நாலு பேர். அவள் எடுக்கவில்லை. அப்பாவுக்கு அதைத் திறக்கவே தெரியாது. சாலோமிக்கு அதில் தெரிந்த ஒரே வேலை, தூசி படாமல் ஒரு துணியைப் போட்டு மூடுவது.

டெபோரா ஆண்கள் பக்கம் பார்த்தாள். மடிப்புக் கலையாத சட்டையில், கண்களை இறுக மூடிக்கொண்டு, அண்ணன் எல்லோரையும் விடச் சத்தமாகச் சொன்னான்: “ஆமென்.”

*

ஆராதனை முடிந்ததும் வெளியே காணிக்கைப் பொருள்களின் ஏலம் தொடங்கியது. பூசணிக்காய் போய், கோழி முட்டை போய், முருங்கைக்காய்க் கட்டு வந்திருந்தது. ஏலத்தை விடவும் பெரிய கூட்டம் ஞானசிகாமணியைச் சுற்றி நின்றது.

“அண்ணாச்சி, உருக்கிட்டீரு வே” என்றார் கமிட்டிச் செயலாளர் தேவமணி. “அந்தத் தீவுல நம்ம சபை இருக்குமோ?”

“இல்லாம இருக்குமா? மிஷனரி போவாத தீவு எங்கன வே இருக்கு?”

“அப்ப ஒரு இரங்கல் தீர்மானம் போட்டுருவோம். இந்த முருங்கைக்காய் ஏலத்துல வாரத தலுமோராவுக்குன்னு ஒதுக்கி வப்போம். என்ன சொல்லுதீரு?”

“தீர்மானத்த நானே எழுதித் தாரேன்” என்றார் ஞானசிகாமணி. வேறு யாராவது எழுதிவிடுவார்களோ என்ற கவலை அவர் குரலில் இருந்தது.

டெபோரா ஒதுங்கி நின்றாள். ஒரு வழி இருந்தது. புழுவை யாரும் தொடவில்லை என்று ஆபிதா டீச்சரிடம் சொல்லிவிடலாம். பக்கம் நின்றுபோகும். தன் மேல் இருக்கும் சந்தேகம் அப்படியே இருக்கும், ஆனால் அண்ணன் தப்பித்துக்கொள்வான். சந்தேகத்தோடு வாழ்ந்துவிடலாமா என்று ஒரு முறை எண்ணிப் பார்த்தாள். அந்தப் பக்கம் இல்லாத காலை எப்படி இருக்கும் என்றும் எண்ணிப் பார்த்தாள். பிறகு வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்த ஜோஷுவாவிடம் போனாள்.

“ஏண்ணே, தலுமோரா எங்கன இருக்கு?”

“பசிபிக்குல. அப்பாதான் சொன்னாவல்ல.”

“தலைநகரம்?”

“ஏட்டி, ஞாயித்துக்கெழமயும் கேள்வியா? பாத்துச் சொல்லுதேன்.”

“பாரு.”

அவன் போனை எடுத்துத் தேடினான். கட்டைவிரல் ஒரு முறை ஓடியது. மறுபடி ஓடியது. எழுத்தை மாற்றிப் போட்டுப் பார்த்தான்.

“நெட்டு மெதுவா இருக்கு” என்றான்.

“நெட்டு நல்லாத்தான் இருக்கு. தீவுதான் இல்ல. நான் உண்டாக்குனது. நம்ம வீட்டு லேப்டாப்புல மட்டும் வச்சது.”

ஜோஷுவா துடைத்துக்கொண்டிருந்த துணியை வண்டியின் மேல் வைத்தான். அது நழுவிக் கீழே விழுந்தது. எடுக்கவில்லை.

“நான் இப்ப அங்கன படிக்கல டெபோ. சொல்லிக் கொடுக்கேன்.”

“என்னது?”

“ஒரு நாளு வாத்தியார் வரல. நான் எந்திரிச்சு நின்னு பேசுனேன். ரிச்சர்ட் சார் ஜன்னல் வழியாப் பாத்துருக்காரு. மறுநாளு கதவுல பலகை மாட்டிட்டாரு. நடப்பு நிகழ்வுகள் துறைத் தலைவர்.”

“துறையில எத்தன பேரு?”

“நான் மட்டுந்தான்.”

வேறு சமயமாக இருந்தால் டெபோரா சிரித்திருப்பாள்.

“காலைல அஞ்சு மணிக்குப் பக்கம் வேணும்பாரு. எங்கயிருந்து எடுத்தாலும் சரிம்பாரு. எனக்குப் பேச வரும், எழுத வராது. ஒரு நாளு ஒண்ணும் ஓடல. ஒன் லேப்டாப்பு தெறந்து கெடந்துது. அன்னைக்கு ஒரு நாளுதான்னு நெனச்சேன்.” அவன் தரையைப் பார்த்துப் பேசினான். “நாலு தடவ பரீட்சை எழுதித் தோத்தவன். ஒவ்வொரு தடவையும் நான் பாஸாயிட்டேன்னு கோயில்ல சாட்சி சொல்ல, அப்பா எழுதி வச்ச துண்டுச்சீட்டோட ரெடியா இருப்பாவ. மொத மொதல்ல ஒருத்தன் என்னை சார்னு கூப்பிட்டான். அத விட முடியல.”

“அதுக்கு நான் திருடின்னு பேரு வாங்கணுமா? கைவிளக்குல ஒம்மேல யாருக்கும் சந்தேகம் இல்ல. எம்மேலதான். நான்தான் ஒனக்கு வித்தேன்னு நெனைக்காங்க. ஷம்ஸியா எம்மூஞ்சியில முழிக்க மாட்டேங்கா.”

ஜோஷுவா நிமிர்ந்தான். இது அவனுக்குத் தெரியாது என்பது முகத்திலேயே தெரிந்தது.

“ஒம்மேலயா?”

அப்போதுதான் சாலோமி வந்தாள். கையில் முருங்கைக்காய்க் கட்டு. ஏலத்தில் எடுத்திருந்தாள்.

“என்ன, தெரிஞ்சுட்டா?” என்றாள்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“ராத்திரி எந்திரிச்சுத் தங்கச்சி லேப்டாப்பப் போட்டோ எடுக்கவன் என்ன படிப்பு படிப்பான்? அவனே சொல்லுவான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“நீங்களாவது சொல்லிருக்கலாம்லாம்மா” என்றாள் டெபோரா.

“சொல்லிருக்கணும்” என்றாள் சாலோமி.

ஜோஷுவா கீழே கிடந்த துணியை எடுத்து உதறினான்.

“வண்டியில ஏறு டெபோ. வண்ணார்பேட்டைக்குப் போவோம். நானே சொல்லுதேன்.”

*

முருகன்குறிச்சி சிக்னலில் நின்றபோது ஜோஷுவா பாதி திரும்பினான்.

“டெபோ, இன்னொண்ணும் இருக்கு…”

பின்னால் நின்ற டவுண் பஸ் ஹார்ன் அடித்தது. பச்சை விழுந்து அரை நொடி ஆகியிருந்தது. அதைத் தாங்க முடியாத அவசரம் அந்தப் பஸ்ஸுக்கு.

“என்னது?”

“ஒண்ணுமில்ல. பொறவு சொல்லுதேன்.”

மாடியில் ஆபிதா பீவி மேஜைக்கு முன்னால் டிபன் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். உள் அறையில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புப் பிள்ளைகளின் சலசலப்பு. ஷம்ஸியா கேள்வித்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். டெபோராவைப் பார்த்ததும் அடுக்கினதையே மறுபடி அடுக்கினாள்.

“டீச்சர், அது எங்க வீட்டுலயிருந்துதான்…” என்று தொடங்கினாள் டெபோரா.

“நான்தான் டீச்சர்” என்றான் ஜோஷுவா. “இவளுக்குத் தெரியாது. லேப்டாப்புல இருந்து எடுத்தேன். இன்னைக்குக் காலைல இவ சொல்லுத வரைக்கும், இவ மேல சந்தேகம்னு எனக்குத் தெரியாது.”

ஆபிதா பீவி தம் போனை மேஜையில் திருப்பி வைத்தார்.

திரையில் கறுப்புக் கரை போட்ட ஒரு சுவரொட்டி. ‘தலுமோரா அதிபர் மறைவு: மகாமேரு குடும்பத்தின் ஆழ்ந்த இரங்கல்.’ நடுவில் நிறுவனர் ரிச்சர்ட், கண்கலங்கிக் கைகூப்பி, இடுப்பு வரை. கீழே மூலையில் தபால்தலை அளவில் ஒரு வெள்ளைத் தாடிக்காரர். அவர் யாரோ, எந்த ஊரோ, இன்னும் நல்லபடியாக உயிரோடு இருப்பாரோ, கர்த்தர் அறிவார்.

“விடிஞ்சதுமே இது எனக்கு வந்துட்டு” என்றார் ஆபிதா பீவி. “தலுமோரா எந்தக் காப்பின்னும் அப்பவே தெரியும். நீ வாரியா, இல்ல ஒண்ணும் தெரியல டீச்சர்னு போன் பண்ணுதியான்னுதான் பாத்துக்கிட்டு இருந்தேன்.” டிபன் பாத்திரத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். “வந்துட்ட. இனி நான் சாப்பிடலாம்.”

டெபோரா எதிரே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

ஆபிதா பீவி ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு ஜோஷுவாவைப் பார்த்தார்.

“அந்தப் பக்கத்த அனுப்புததுக்கு முன்னால படிச்சியா?”

“இல்ல டீச்சர்.”

“திருடுனது ஒரு தப்பு. படிக்காமத் திருடுனது இன்னொரு தப்பு. மொதலாவத ஒன் தங்கச்சி மன்னிக்கட்டும். ரெண்டாவத நான் மன்னிக்க மாட்டேன்.”

ஜோஷுவாவின் போன் அடித்தது. ரிச்சர்ட். ஆபிதா பீவி தலையை அசைக்கவே, எல்லாரும் கேட்கும்படி வைத்தான்.

“ஜோஷுவா சார், மாணவர்கள் தலுமோராவின் தலைநகரம் கேட்கிறார்கள். நம் ஆராய்ச்சிக் குழுவிடமிருந்து உடனே அனுப்புங்கள்.”

ஆராய்ச்சிக் குழு எச்சில் விழுங்கியது.

“சார், அந்தத் தீவு இல்ல.”

“இல்லை என்றால்?”

“இல்லன்னா இல்ல சார். நாளையிலேருந்து நானும் இல்ல.”

போனை வைத்தான். உள்ளே பிள்ளைகளின் சத்தம் கூடிக்கொண்டிருந்தது.

“நல்லாத்தான் பேசுத” என்றார் ஆபிதா பீவி. “இதுதான் தண்டனை. உள்ள போயி, தலுமோரா எப்படிப் பொறந்துது, எப்படிச் செத்துதுன்னு பிள்ளைகளுக்கு முன்னால நின்னு சொல்லு. ஒண்ணும் மறைக்கப்பிடாது.”

அவன் போனான். முதலில் உள்ளே நிசப்தம். பிறகு ஒரு சிரிப்பு. பிறகு பெரிய சிரிப்பு. டெபோரா கதவோரம் போய் நின்றாள்.

“…அஞ்சு மணிக்கு வந்தா உண்மை, ஆறு மணிக்கு வந்தா பழசுன்னு நெனைக்கோம்லா? நான் அஞ்சு மணிக்காரன். எங்கிட்ட ஒரு அதிபரே செத்துப் போனாரு, நான் தலைநகரம் என்னன்னு கேக்கல. ஒரு செய்தி வந்தா, வேற யாரு இதச் சொல்லுதான்னு மொதல்ல பாருங்க. ஒருத்தனும் சொல்லலன்னா, ஒண்ணு நீங்க ரொம்பக் கெட்டிக்காரங்க, இல்ல ரொம்ப ஏமாளிங்க. நான் எதுன்னு ஒங்களுக்கே தெரியும்.”

பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி, அன்றைய ஆறு மணிப் பக்கத்தை எடுத்து, வரி வரியாகப் பேச ஆரம்பித்தான். வட்டி விகிதம் மாறாததற்கும் மேலப்பாளையம் சந்தையில் வெங்காய விலைக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் சொன்னபோது, கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தன் நிமிர்ந்து உட்கார்ந்தான். தான் எழுதும் வாக்கியங்களுக்குள் இப்படி ஒரு குரல் இருக்கும் என்று டெபோராவுக்கு இத்தனை நாள் தெரியாது.

பக்கத்தில் ஷம்ஸியா வந்து நின்றாள்.

“கெவாரிதான் நல்லா இருந்துச்சு” என்றாள், கரும்பலகையைப் பார்த்தபடியே. “தலுமோரா கொஞ்சம் ஓவரு.”

“ஒனக்கும் புழு வச்சேன்னு கோவமா?”

“நான் ஒன்னயச் சந்தேகப்பட்டேன், நீ என்னயச் சந்தேகப்பட்ட. சரியாப் போச்சு. மதியம் சாப்ட்டுட்டுப் போ. உம்மா நெய்ச்சோறு குடுத்து விட்டுருக்கு.”

போகும்போது ஆபிதா பீவி தீர்ப்பைச் சொன்னார். பக்கம் நிற்காது. ஜோஷுவா வாரம் ஒரு நாள் வந்து அதைப் பிள்ளைகளுக்கு விளக்கலாம். கதவில் பலகை கிடையாது. துறையும் கிடையாது.

“பாப்போம்” என்றார். “இன்ஷா அல்லா, படிச்சிட்டு வருவான்னு நம்புதேன்.”

*

மாலையில் வீட்டுக்கு வந்தபோது ஞானசிகாமணி இரங்கல் தீர்மானத்தின் மூன்றாவது வரைவில் இருந்தார். ‘மாண்புமிகு தலுமோரா அரசுக்கு’ என்பதா, ‘மேதகு’ என்பதா என்பதில் வேலை நின்றிருந்தது.

“ஏலே ஜோஷுவா, அந்தத் தீவுக்குப் பின்கோடு என்ன? நெட்டுல பாத்துச் சொல்லு.”

டெபோரா அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து சொன்னாள். புழுவிலிருந்து ஆரம்பித்தாள். ஜோஷுவா தன் பங்கைத் தானே சொன்னான். நடுவில் ஒரு தடவைகூட ஞானசிகாமணி குறுக்கிடவில்லை. அதுவே அந்த வீட்டில் ஒரு நடப்பு நிகழ்வு.

முடிந்ததும் அவர் பேனாவை மூடினார். கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடி இல்லாத அவர் முகம் சின்னதாக இருந்தது.

“அப்போ காலைல நான் கர்த்தர்கிட்ட… இல்லாத ஒரு ஆளுக்கு…”

“அதுக்கென்ன” என்றாள் சாலோமி, முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே. “கடல உண்டாக்குனவரு அவரு. அங்கன தீவு இருக்கா இல்லையான்னு அவருக்குத் தெரியும். நீங்க ஜெபிச்சத வேற எங்கயாவது வரவு வச்சுக்கிடுவாரு.”

கருவூலக்காரருக்கு அந்தக் கணக்கு புரிந்தது. பிறகு போனை எடுத்தார். கண்ணாடியைப் போட்டு, மகாமேரு குழுவைத் தேடிப் பிடித்து, அதிலிருந்து விலகினார். விலகலாமா என்று போன் இரண்டாவது முறை கேட்டது. அதற்கும் ஆமாம் என்றார்.

“டெபோரா.” அவர் மகள் முகத்தைப் பார்க்கவில்லை. “அந்த ஆறு மணிப் பக்கம்… எனக்கும் வருமா?”

“வரும்ப்பா.”

“சந்தா ஏதும் உண்டா?”

“ஓசிதான்ப்பா.”

“ம்” என்றார் அவர். “காலைல வாசிச்சப்ப, அந்தப் பூப்பந்துப் பிள்ளயப் பத்தின வரி நல்லா இருந்துது. அது நீ எழுதினதுதான?”

டெபோரா தலையை ஆட்டினாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம். இறக்கி வைக்கப்பட்ட மனிதர் மெல்ல மெல்லத் தம் உயரத்துக்குத் திரும்பினார். ஒரு தீவு போனால் போகட்டும், உலகத்தில் ஜெபிக்க ஆளா இல்லை? தொண்டையைச் செருமிக்கொண்டார். நாலு பேரும் கண்ணை மூடினார்கள்.

“பிதாவே, வழி தப்பித் திரும்பி வந்த என் குமாரன் ஜோஷுவாவை உமது கரத்தில் ஒப்புக்கொடுக்கிறேன். அடுத்த மாதம் நடக்க இருக்கிற குரூப் டூ தேர்விலே அவன் உட்காருகிற பெஞ்சு ஆடாதபடிக் காத்தருளும். கறுப்பு மைப் பேனா நடுவிலே நின்று போகாதிருக்கட்டும். நடப்பு நிகழ்வுகளிலே ஒரு கேள்வியும் அவனை வெட்கப்படுத்தாதிருக்கட்டும். அவனுக்கு நெல்லை ஜில்லாவிலேயே ஒரு பதவியை ஆயத்தம் பண்ணும். ஜீப்போடு கூடிய பதவியானால் உமக்கே மகிமை.”

“ஆமென்” என்றாள் சாலோமி. டெபோரா முழு மனசோடு சொன்னாள், “ஆமென்.” ஜோஷுவாவின் ஆமென் மட்டும் கொஞ்சம் தாமதமாக வந்தது.

ஜோஷுவா அந்தத் தேர்வுக்கு விண்ணப்பமே போட்டிருக்கவில்லை.